ஆற்றுக்கு வைக்காத பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு புத்தி சொன்னேன். அதைத் திருப்பி எடுப்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ரெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ரெலிபோனில் பேசத் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். நீ கொம்பியூட்டரில் தட்டுகிற சத்தம் ஸ்காபரோ வரைக்கும் கேட்கிறது. கடிதம் என்றால் இருந்து வாசித்துத்தான் ஆகவேண்டும். பதின்மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நீ. தமிழ் வாசிப்பில் கொஞ்சம் நொண்டுவாய் என்று தெரிந்துதான் கோடு போட்ட தாளில், எழுத்தைப் பெரிதாக வைத்து எழுதுகிறேன். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். என்னைக் கேட்டால் இன்னும் இரண்டு பக்கம் எழுதிவிடுவேன். சுமதி இன்று வேலை முடிந்து இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாள். அம்மா சுட்டு வைத்திருக்கும் பயற்றம் பணியாரத்தோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கலியாணத்துக்கு முதலே மருமகளைத் தபால்காரி ஆக்கிவிட்டேன் என்று அம்மா ஏசுகிறார். பரவாயில்லை. இன்று செவ்வாய், உனக்கு இன்று இரவே இது கிடைக்கவேண்டும்.

ஞாயிறு நீ வந்ததும் வராததுமாகக் கதிரையில் இருந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அப்பா, அந்தப் பந்தியை எடுக்கச் சொல்லுறாங்கள்" என்றாய். எந்தப் பந்தி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஒன்றரை வருடமாக நீ வீட்டுக்கு வந்தால் அந்த ஆற்றைத் தவிர வேறு கதை இல்லை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே எல்லையாக ஓடுகிற ஆறு. இந்தக் கரையில் ஒரு பட்டணம், அந்தக் கரையில் ஒரு பட்டணம். இரண்டிலும் வீடுகள் பெருகிவிட்டன, கோடையில் குடிதண்ணீர் போதவில்லை. ஆற்றில் இருக்கிற அணையின் கதவுகளைப் புது முறையில் இயக்கி, வருடம் முழுக்க நீர்மட்டத்தை ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் பிடித்து வைத்தால், இரண்டு பட்டணத்துக் குழாய்களும் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். இதுதான் திட்டம். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் பல வருடம் இழுபறிப்பட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். உன் கொம்பனி அதற்கு அறிக்கை எழுதுகிறது. கரையோரத்துச் சதுப்பு நிலம் பற்றிய பகுதி உன்னுடைய பொறுப்பு. நீ அதில் எட்டு வரி எழுதினாய்: வசந்தத்தில் மூன்று கிழமைக்காவது ஆற்றை ஏறவிட வேண்டும், இலையுதிர்காலத்தில் கொஞ்சம் இறங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் சதுப்பு செத்துவிடும், அதற்காகப் பட்டணங்கள் தங்கள் குழாய்களை இன்னும் ஆழத்துக்கு நீட்ட வேண்டும் என்று. அந்த எட்டு வரியைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"எடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"எடுத்தா அந்த மார்ஷுக்கு எண்டு கதைக்க ஒருத்தரும் இல்லை அப்பா. ரெண்டு கவர்ண்மென்ட்டும் ரெண்டு ரவுணுக்கும்தான் கதைக்குது. வியாழக்கிழமை பப்ளிக் ஹியரிங். நான்தான் அந்த செக்ஷனை வாசிக்க வேணும். சுப்பவைசர் சொல்லுறார், நாலு வருஷமாப் பேசி முடிச்சதை நீ குழப்பாதை எண்டு."

அப்போதுதான் நான் அந்தப் பொன்மொழியை உதிர்த்தேன். "நீ ஆர் அதுக்குக் கதைக்க? உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை. ஆவணியில கலியாணம். சொல்லுறதைச் செய்துபோட்டுக் கையெழுத்து வை. புல்லுக்கும் தவளைக்கும் நீ சட்டத்தரணியே?" நீ என்னைப் பார்த்தாய். அம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, பிக்கரிங்குக்குப் போகிற வழியில் சனம் கூடமுதல் வெளிக்கிட வேணும் என்று சொல்லிக் காரை எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த வீதியில் ஒரு சனமும் இருக்காது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன பிறகு அம்மா கோப்பைகளைக் கழுவினார். கழுவுகிற சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்று, "உங்கட பயத்தை அவனுக்குச் சீதனமாக் குடுக்காதேங்கோ" என்றார். முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியது மிகக் குறைவு. "திரேசாவின்ர கதையை அவனுக்கு ஒருநாளாவது சொன்னனீங்களோ?" என்றும் கேட்டார். இல்லை. உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன், அணை கட்டினேன், வாய்க்கால் வெட்டினேன், இரண்டு ஊர்ச் சண்டையைத் தீர்த்து வைத்தேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். இங்கே வந்து மில்லிக்கன் பக்கத்துத் தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வாளி வார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அந்தப் பெருமை தேவைப்பட்டது. நீ பொறியியல் படிக்கப் போனதற்கு அந்தக் கதைகளும் ஒரு காரணம் என்று சொன்னபோது இன்னும் குளிர்ந்துபோனேன். கதையில் பாதியைத்தான் சொன்னேன் என்பதை அப்போதும் சொல்லவில்லை. மற்றப் பாதி இதுதான்.

உனக்கு மூன்று வயது இருக்கும். என்னை மேற்குக் கரையில், மன்னார்ப் பக்கம், கடலில் விழுகிற ஒரு சிறிய ஆற்றுக்கு மாற்றினார்கள். அந்த ஆறுதான் இரண்டு நிர்வாகப் பிரிவுகளுக்கு எல்லை. ஒரே அணை, ஆனால் இடதுகரை வாய்க்கால் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு, வலதுகரை வாய்க்கால் இன்னொரு கந்தோருக்கு. கோடையில் விதைக்கிற சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்ததும், வயல் செய்கிற இரண்டு கரைக் கமக்காரரும் பொல்லும் கையுமாக அணைக்கு மேலே வந்து நிற்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அடிவாங்கிக்கொண்டுதான் மாற்றம் கேட்டுப் போனார். மறுகரைக்கு என்னைப் போலவே ஓர் உதவியாளர் இருந்தார், காசிம் என்று பெயர், என் வயதுதான். இரண்டு பேரும் ஒரு முறை கண்டுபிடித்தோம். தினமும் காலையில் அணையில் இருக்கிற அளவுக்கம்பத்துக்குப் பக்கத்தில் சந்திப்போம். இரண்டு பேரும் சேர்ந்து நீர்மட்டத்தைப் பார்ப்போம். நான் பார்த்ததை அவருடைய புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பேன். அவர் பார்த்ததை என்னுடைய புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பார். தன் புத்தகத்தில் தானே எழுதினால்தானே களவு? அதற்குப் பிறகு ஒரு கமக்காரனும் எங்களை மறித்து, நீ அவனுக்குக் கூட விட்டாய் என்று கேட்கவில்லை. பொல்லுகள் வீட்டுக்குப் போய்விட்டன.

தண்ணீரை விரற்கடை கணக்கில் சரிபாதியாகப் பிரித்தோம். அணையின் நடுவில், மிஞ்சுகிற தண்ணீர் கீழே ஆற்றுக்குப் போவதற்கு ஒரு வாய் இருந்தது, பலகை போட்டு அடைக்கிற வாய். சிறுபோகத்தில் அதில் கடைசிப் பலகையையும் இறக்கி, இடுக்குகளில் களிமண் அப்பி, ஒரு சொட்டு ஒழுகாமல் பார்த்துக்கொண்டோம். கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் தண்ணீர் என்பதுதான் நாங்கள் படித்த படிப்பு. காசிம் பகிடியாகச் சொல்லுவார், "கடலுக்கு எங்கட தண்ணி வந்துதான் நிரம்ப வேணுமே?" நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். மேலிடத்தில் இருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ஆறு பங்கு கேட்காது என்பதால் நாங்கள் ஆற்றுக்குப் பங்கு வைக்கவில்லை.

அணைக்குக் கீழே, கடல் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சதுப்பு இருந்தது. பன் என்று ஒரு வகைக் கோரை இடுப்பளவுக்கு நெருங்கி வளர்கிற இடம். பன்பாய் இழைக்கிறதும் இறால் பிடிக்கிறதும்தான் அங்கே இருந்த நாற்பது ஐம்பது குடும்பங்களின் சீவியம். வயல் இல்லாத சனம். திரேசா அதில் ஒருத்தி. உன்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு மகள் அவளுக்கு இருந்தாள். நீ படுத்துறங்கிய பாய் அவள் இழைத்துக் கொண்டுவந்து தந்ததுதான். பன் மெலிந்துகொண்டு வருகிறது, ஓடையில் உப்பு ஏறுகிறது என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் நம்பாமல் போய்ப் பார்த்தேன். தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்புத்தான். ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வந்து தள்ளாவிட்டால் கடல் மேலே ஏறி வரும் என்பது படித்தவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை, யோசிக்காத விஷயம்.

அந்த வருடத்துச் சிறுபோக அறிக்கையில் நாலு வரி சேர்த்தேன். நடுவாயின் பலகைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, பதினைந்து நாளுக்குச் சதுப்புக்குத் தண்ணீர் விட வேண்டும், அதற்கு ஈடாக இரண்டு கரையிலும் விதைப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று. என் மேலதிகாரி அதை வாசித்தார். பொல்லாத மனிதர் இல்லை, எனக்கு நல்லதுதான் நினைத்தவர். "இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு நீர் ஏன் மூண்டாவது ஆளைக் கொண்டு வாறீர்? இதை வாசிச்சால் திருப்பியும் பொல்லைத் தூக்குவாங்கள். வெட்டும்" என்றார். நான் பேனாவை எடுத்து வெட்டினேன், தம்பி. அவர் வெட்டவில்லை, நான்தான். மட்டத்தடி வைத்து நேராகக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். எனக்கு அந்த ஆண்டு பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. உன் தங்கை வயிற்றில் இருந்தாள். காரணத்துக்கு எனக்கு அன்றைக்கும் பஞ்சம் இருக்கவில்லை.

பிறகு பயிர்ச்செய்கைக் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு போகமும் தொடங்க முதல், தண்ணீர் எந்தத் திகதியில் திறக்கிறது, எந்தத் திகதியில் மூடுகிறது என்று கமக்காரர் பள்ளிக்கூடத்தில் கூடிக் கைதூக்கித் தீர்மானிப்பார்கள். வயல் இருக்கிறவனுக்குத்தான் அங்கே கை. திரேசா உள்ளே வர இயலாது. ஐந்தாறு பெண்களோடு யன்னலுக்கு வெளியே நின்றாள். நான் வெட்டிய அறிக்கையை வாசித்து முடித்ததும், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எங்கட பன்னுக்கும் கொஞ்சம் விடச் சொல்லுங்கோ" என்றாள். உள்ளே இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். "கூட்டம் முடியட்டும், பாப்பம்" என்று சொன்னேன். கூட்டம் முடிந்தது. அவள் முன்வாசலில் நின்றாள். நான் பின்பக்கக் கதவால் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பதவி உயர்வுக்காக வெட்டியதைக்கூட நான் எனக்குள்ளே சமாளித்துவிடுவேன். அந்தக் கதவால் இறங்கியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்தக் கோடையில் மழை பெய்யாமல் பிழைத்துவிட்டது. நாங்கள் விரற்கடைக் கணக்கைக் கைவிடவில்லை. இரண்டு கரையும் ஓரளவு விளைந்தது, சண்டை ஒன்றும் இல்லை, திணைக்களத்துக்குப் பெரிய சந்தோசம். கீழே பன் முழுவதும் மஞ்சளாகிச் சாய்ந்தது. இறால் இல்லை. பிறகு அவர்களுடைய கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்தன. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாய்க்காலடிக்கு வந்து நின்றார்கள். நாங்கள் பங்கு போட்ட அதே தண்ணீருக்கு. அடுத்த வருடம் உப்பு இன்னும் மேலே ஏறி, இரண்டு கரையிலும் கடைசி வயல்களுக்குள் வந்துவிட்டது. கூட்டத்தில் சிரித்தவர்களில் இரண்டு பேருடைய வயலும் அதில் இருந்தது. அதற்குப் பிறகுதான் நடுவாயில் பலகை எடுக்க அனுமதி வந்தது. மூன்று வருடம் தொடர்ந்து தண்ணீர் விட்டோம். பன் திரும்பி வரவில்லை. வெறும் உப்புச் செடிதான் முளைத்தது.

திரேசா ஊரை விட்டுப் போக வெளிக்கிட்ட நாள் நான் போனேன். சாமான் எல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மழை பிழைத்துப்போச்சு என்று ஏதோ உளறினேன். அவள் ஏசவில்லை. "நீங்கள் சரியாத்தான் பங்கு போட்டனீங்கள் ஐயா. எங்களைச் சேர்க்கேல்லை, அவ்வளவுதான்" என்றாள். பிறகு வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள். எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு வந்த யுத்த காலத்தில் நாங்கள் எல்லாருமே எங்கெங்கோ போய்விட்டோம். காசிமும் தன் சனத்தோடு இரவோடிரவாக வெளியேற வேண்டி வந்தது என்று கேள்விப்பட்டேன். அந்த இரண்டு புத்தகங்களும், குறுக்கும் மறுக்குமாக நாங்கள் போட்ட கையெழுத்துகளும் எந்தக் கந்தோரோடு எரிந்தனவோ.

உனக்கு இப்போது விளங்கியிருக்கும், ஞாயிறு நீ வாயைத் திறந்ததும் நான் ஏன் அப்படிச் சீறினேன் என்று. உன் சுப்பவைசர் சொன்னதாக நீ சொன்ன சொல், சொல்லுக்குச் சொல் நான் முன்பு கேட்டது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதைக் குழப்பாதே. பயந்துவிட்டேன். என்னைப் போல வெட்டாமல் நீ நின்றுவிட்டால் என் மகனுக்கு வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். அதைவிடக் கேவலமான இன்னொரு பயமும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்: நீ வெட்டாமல் நின்றால், நானும் அன்றைக்கு நின்றிருக்கலாம் என்று ஆகிவிடும். இருபத்துச் சொச்ச வருடமாக வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்து வந்தவனுக்கு அது பொறுக்கவில்லை.

போன சித்திரையில் நீ எங்களை அந்த ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? பனிக்கட்டி உடைந்து ஒரு கிழமையும் இல்லை. அம்மா மூன்று சுவெற்றர் போட்டுக்கொண்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். ஆறு ஏறி, போன வருடத்துக் காய்ந்த புல்லுக்கு மேலே கணுக்காலளவு தண்ணீர் நின்றது. நீ முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, எங்களைச் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லி, கையைக் காட்டினாய். முழங்கை நீளத்தில் பச்சைப் புள்ளி போட்ட மீன்கள் அந்தப் புல்லுக்குள் முதுகு வெளியே தெரிய உரஞ்சிக்கொண்டு போயின. முட்டை போட வந்திருக்குது அப்பா, இந்தத் தண்ணி மூண்டு கிழமை நிண்டாத்தான் குஞ்சு பொரிச்சு ஆத்துக்குத் திரும்பும் என்று சொன்னாய். "இவ்வளவு கிட்ட நிக்குது, ஏன் ஒண்டைப் பிடிக்கேல்லை?" என்று அம்மா கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் அந்த மீன் எல்லாம் ஓடிவிட்டது. மட்டத்தை ஒரே அளவில் பிடித்தால் இந்தப் புல்லுக்கு இனித் தண்ணீர் ஏறாது, உயரக் கோரை மட்டும் மதில் மாதிரி அடைத்து வளரும், மீனும் இல்லை, பறவையும் இல்லை என்று திரும்பி வரும்போது காரில் சொன்னாய். நான் பின் சீற்றில் இருந்து உன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவன் என்னைவிட நல்ல நீர்ப்பாசனக்காரன் என்று நினைத்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. நல்லதைச் சொல்லுவதில் நான் எப்போதும் கஞ்சன்.

தண்ணீர் கேட்கிற பட்டணத்துச் சனத்தை எதிரியாக நினைத்துவிடாதே. நாங்கள் முதலில் இருந்த மாடிக் கட்டடத்தில் குழாய் வெடித்து இரண்டு நாள் தண்ணீர் வராமல் இருந்தபோது, பதினொராம் மாடிக்கு நீயும் நானும் வாளி தூக்கினோம். குழந்தைப் பால்போத்தலைக் கழுவத் தண்ணீர் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் அழுதது உனக்கு நினைவிருக்கும். அந்த இரண்டு பட்டணத்திலும் அப்படிப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், கட்டாயம் வேண்டும். உன் எட்டு வரியில் எனக்குப் பிடித்ததே நீ அதை மறக்காததுதான். சதுப்பைக் காப்பாற்றுங்கள் என்று கத்திவிட்டுப் போகவில்லை. குழாயை ஆழத்துக்கு நீட்டு, ஆறு ஏறி நிற்கிற மூன்று கிழமையில் தேக்கத்தை நிரப்பிக்கொள், வரட்சியில் முதலில் புல்தரைக்கு ஊற்றுவதைக் குறை, சதுப்புக்கு உள்ளதைக் கடைசியில் தொடு என்று வழி எழுதியிருக்கிறாய். நான் எழுதிய நாலு வரியைவிட அது நல்ல வேலை. மழை பிழைத்தால் என்ன செய்வது என்று நான் எழுதியிருக்கவில்லை. நீ எழுதியிருக்கிறாய். அதில் ஓர் இடம் மட்டும் பலவீனம்: குழாய் நீட்டி முடியும் வரைக்குமான இடைக்காலத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தெளிவாக இல்லை. அவர்கள் அந்த இடத்தில்தான் பிடிப்பார்கள். இன்று இரவே இருந்து அதைச் சரிசெய். இரண்டு கரைக்கும் ஒரே விதமாகக் குறை. ஒரு பக்கம் கூடினால் முழுவதையும் கிழித்துவிடுவார்கள்.

சுப்பவைசருக்குத் தெரியாமல் வியாழக்கிழமை மேடையில் ஏறி வாசித்துவிடாதே. அது சூழ்ச்சி, நீ அப்படி வளரவில்லை. நாளைக்குக் காலையில் அவருடைய அறைக்குப் போ. கதவைச் சாத்திவிட்டுச் சொல்லு: இந்தப் பந்தியை நான் எடுக்கப் போவதில்லை, எடுத்தால் என் கையெழுத்து அந்த அறிக்கையில் இராது, வேறு ஆளை வாசிக்கச் சொல்லுங்கோ என்று. குரலை உயர்த்தாதே. நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்லு. உனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். அவர் வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சொல்லுவார். அப்படி நடக்காது என்று உனக்குப் பொய் உறுதி தர மாட்டேன். சுமதியிடம் இன்றைக்கே பேசு. நான் பேசவில்லை, அது என் வேலை இல்லை. ஆனால் போன மாதம் கலியாண மண்டபத்துக்காரனோடு அவள் கதைத்த கதையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன், உன்னைவிட அவளுக்கு நெஞ்சு உரம்.

இன்னொரு விஷயம். வியாழக்கிழமை நடக்கிற அந்தப் பொது விசாரணை பற்றிப் பேப்பரில் போட்டிருந்த அறிவித்தலில் ஒரு ரெலிபோன் இலக்கம் இருந்தது. நேற்று அதற்கு அடித்தேன். பொதுமக்கள் யாரும் ஐந்து நிமிடம் பேசலாம் என்றார்கள். ஒரு பிள்ளை என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினாள். அதற்கே ஐந்து நிமிடம் போய்விட்டது. எந்த அமைப்பின் சார்பில் என்று கேட்டாள். ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உதவியாளர் என்றேன். உத்தியோகத்தர்கள் வாசித்து முடிந்த பிறகு ஏழாவது ஆளாக என்னைக் கூப்பிடுவார்கள். கீழ்மாடி வீட்டுக்காரர் தன் வான் வண்டியில் எங்களைக் கொண்டுபோய் இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா என் கோட்டைத் துவைக்கக் கொடுத்துவிட்டார்.

முதலில் நான் நினைத்தது, நீ வாசித்தால் பேசாமல் இருந்துவிடலாம், நீ வாசிக்காவிட்டால் எழும்பலாம் என்று. அம்மாதான் மறித்தார். "அவன் வாசிச்சா என்ன, வாசிக்காட்டி என்ன? உங்களுக்குச் சொல்ல இருக்கிறதை நீங்கள் சொல்லுங்கோ. பிள்ளையை வெருட்டுறதுக்கு அதைப் பாவிக்காதேங்கோ" என்றார். சரிதான். ஆகவே நீ வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் நான் எழும்புவேன். உன் பெயரையோ உன் எட்டு வரியையோ ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், அது உன்னுடையது. ஒரு சிறிய ஆற்றை இரண்டாகப் பிரித்த இரண்டு கெட்டிக்காரரைப் பற்றியும், கீழே இருந்த ஐம்பது வீட்டைப் பற்றியும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ வெட்கப்பட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிரு. ஐந்து நிமிடமும் முடியமுதல் நான் கதிரையில் இருக்கப் போவதில்லை.

உனக்குத் துணிவு வராவிட்டால் அதற்காக நான் உன்னை ஏசப்போவதில்லை. ஏசுகிற தகுதி எனக்கு இல்லை. வெட்டிவிட்டு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு இருக்கும், ஆவணியில் கலியாணமும் இருக்கும். ஆனால் ஒன்று மட்டும் உன்னால் இனி முடியாது, தம்பி. அப்பா சொன்னதால்தான் வெட்டினேன் என்று, என் வயதில் நீ ஒருநாள் உன் பிள்ளைக்கு எழுத முடியாது. ஞாயிறு சொன்னதை நான் திருப்பி எடுத்துவிட்டேன். இதோ எழுத்தில் தந்திருக்கிறேன், கீழே கையெழுத்தும் வைக்கிறேன்.

அப்பா